'லைன்' என்னும் சொல்லின் வழக்காறு

பிறமொழிச் சொல் ஒன்று தமிழில் வந்து வழங்குமிடத்து, அதனை ஒரே சொல்லாகக் கொண்டு, அதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது என வினவுவதே நம்மிடை மிகுதியாகக் காணப்படும் முறை. கலைச்சொல்லாக்க முயற்சிகள் பலவும் இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால், அச்சொல் உண்மையில் ஒருமுறைதான் தமிழுக்குள் வந்ததா என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல்லை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வாயில்களின் வழியே, வெவ்வேறு தொழில் செய்யும் மக்கள் பலமுறை கடன்கொண்டிருத்தல் கூடும். அவ்வாறு வந்த சொல்லுக்கு ஒரு நேர்ச்சொல் தேடினால் பயன் விளையாது, பிழை விளையும். இதனை 'லைன்' என்னும் சொல்லைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். வழக்கு நோக்குவதற்குரிய களமாகப் பாலாற்றுப் பகுதித் தோற்றொழில் வட்டாரத்து ஊராகிய மாதனூர் கொள்ளப்படுகிறது.

மாதனூர் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்துள்ளது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். முன்னர் வடார்க்காட்டு மாவட்டத்தையும் பின்னர் வேலூர் மாவட்டத்தையும் சார்ந்திருந்த இவ்வூர், 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதனுட்பட்டது. தமிழும் உருதுவும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நிலம் இது. இங்குக் காலை வேளையில் சாலையோரத்தில் நிற்பாரை நோக்கி "எந்த லைன்?" என வினவினால் ஒரே விடை வாராது. பேருந்துக்கு நிற்பவர் "ஒடுகத்தூர் லைன்" என்றோ "குடியாத்தம் லைன்" என்றோ கூறுவர். காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண் "மூணாவது லைன்" என்பாள். வணிகர், தாம் செய்யும் தொழிலையே வினவியதாகக் கொண்டு "லெதர் லைன்" என்பார். மூவரும் பிழைபடக் கூறவில்லை. வினவியவர் யாரென்பதும், நிற்பவர் யாரென்பதுமே ஈண்டுப் பொருளை வரையறுக்கின்றன.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பிறப்பு அறியத்தக்கது. ஆளி என்னும் செடியின் நாரைக் குறித்த 'லீனும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, அந்நாரால் ஆகிய கயிற்றைக் குறிக்கும் 'லீனியா' பிறந்தது. கயிறு, அளவுகயிறு, அதனால் இடப்படும் நேர்கோடு, நேராக நிற்கும் வரிசை, நேராகச் செல்லும் வழி எனப் பொருள் ஒன்றினின்று ஒன்றாகக் கிளைத்தது. இதற்கு ஒப்புமை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழில் 'நூல்' என்னும் சொல் ஏறத்தாழ இவ்வழியிலேயே சென்றுள்ளது. பஞ்சினின்று நூற்கப்படும் இழையைக் குறித்த அது, தச்சரும் கொத்தரும் கோட்டம் பார்க்கும் கயிற்றைக் குறித்து, பின்னர் இலக்கணமும் சாத்திரமும் ஆகிய நூலைக் குறித்தது. இழை நூற்கும் தொழிலையும், மரத்தின் கோணலைக் காட்டும் கயிற்றையும் உவமையாகக் காட்டியே பவணந்தி முனிவர் நன்னூலில் நூல் என்பதற்குக் காரணம் கூறுகின்றார். 'நூல் பிடித்தாற்போல' என்னும் தொடர் இன்றும் நேர்மையைக் குறிக்கின்றது. இன்னும் ஒன்று. தச்சர் வழக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு 'நூல்'. பழைய ஆங்கில அளவையில் அங்குலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கிற்கு 'லைன்' என்று பெயர். இரண்டு மொழிகளும் தம்முட் கலந்து இவ்வாறு ஆனவை அல்ல. இழையைக் கொண்டு அளந்த மக்கள் இருவேறு நிலத்தில் ஒரே வகையாகச் சிந்தித்ததன் விளைவு இது.

'வரி' என்னும் சொல்லும் இத்தகையதே. புலியின் உடற்கோடும், எழுத்தின் அடியும், அரசிறையும், இசைப்பாட்டும் அச்சொல்லில் அடங்கும். சிலப்பதிகாரத்துக் கானல்வரியை நாடோறும் கற்பிக்கும் நாம், ஆங்கிலச் சொல் ஒன்றன் பலபொருள் கண்டு வியப்பது பொருந்தாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 'நூல்', 'வரி' ஆகியவற்றின் பொருள்கள் தமிழ் மண்ணிலேயே கிளைத்தவை. 'லைன்' என்பதன் பொருள்கள் தமிழில் கிளைத்தவை அல்ல. ஆங்கிலத்தில் கிளைத்த கொம்புகள் தனித்தனியே ஒடிக்கப்பட்டு, தமிழ் நிலத்தில் வெவ்வேறிடத்தில் நடப்பட்டவை. கொம்புகள் பலவாயினும் வேர் ஒன்றென்பதைப் பேசுவோர் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. இக்கொம்புகள் நடப்பட்ட காலமும் இடமும் ஓரளவு காட்டத்தக்கன.

முதலில் இருப்புப்பாதை. தென்னாட்டின் முதற் பயணிகள் தொடர்வண்டி 1856 ஜூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. அப்பாதை மேலும் நீண்டு குடியாத்தம், ஆம்பூர் வழியே சோலையார்பேட்டையை அடைந்தது. பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திற்குச் சென்றதில் இப்பாதைக்குப் பெரும் பங்குண்டு. 'லைன்' என்பது இங்கு இருப்புப்பாதையையும், அதன்வழிச் செல்லும் தடத்தையும் ஒருங்கே குறித்தது. சோழநாட்டார் 'மெயின் லைன்', 'கார்டு லைன்' என்று இன்றும் பிரித்துரைப்பதும் இவ்வழக்கே. மாதனூரில் பேருந்துத் தடத்தைக் குறிக்கும் 'ஒடுகத்தூர் லைன்' இருப்புப்பாதை வழக்கினின்று சாலைக்கு இறங்கியது எனலாம். அத்தடத்திலேயே சரக்கேற்றிச் சென்று கடைதோறும் கொடுத்துவரும் வண்டி 'லைன் வண்டி' ஆயிற்று. வட்டிக்கு விட்ட பணத்தைத் தடம் பிடித்துத் தண்டுவோரும் 'லைனுக்குப் போகிறேன்' என்பர்.

இனி, கட்டுரையின் நடுவணாகக் கருதத்தக்க பொருளுக்கு வருவோம். அது குடியிருப்பு.

ஆங்கிலேயர் படையில், வரிசையாக அமைந்த சிப்பாய்களின் குடில்கள் 'லைன்ஸ்' எனப்பட்டன. வடநாட்டு நகரங்களில் 'சிவில் லைன்ஸ்' என்றும், நம் ஊர்களில் 'போலீஸ் லைன்' என்றும் அப்பெயர் நிலைத்தது. தமிழில் வந்தபோது பன்மைச் சகரம் பெரும்பாலும் உதிர்ந்தது. படையின் இவ்வொழுங்கைச் சுரங்க முதலாளிகளும் தோட்டத் துரைமாரும் தம் தொழிலாளர்மேல் ஏற்றினர். கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டினை அடுத்து ஆழ்சுரங்கத் தொழில் பெருகியபோது, வடார்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் அங்குப் பெருந்தொகையினராயினர். அவர்கள் வாழ்ந்த வரிசைக் குடில்களும் 'லைன்' எனவே வழங்கின. அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. குடியிருப்புகளும் பெயரும் மூடப்படவில்லை. மாதனூர் வட்டாரத்துக்கு இவ்வழக்கு அயலது அன்று. பாலாற்றுப் பகுதிக் குடும்பங்களுக்குத் தங்கவயலோடு கொள்வினை கொடுப்பினை உண்டு.

இலங்கையில் நிகழ்ந்தது இதனினும் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டில் காப்பிப் பயிர் பெருகியது. 1869இல் தோன்றிய இலைநோயால் அது அழிய, தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. இரு பயிர்க்கும் உழைத்தவர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களினின்று கடல்கடந்து சென்ற தமிழர். ஒரே கூரையின்கீழ், ஒரு சுவர் இரு குடும்பத்துக்குப் பொதுவாக, ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாக நிரை நிரையாகக் கட்டப்பட்ட நெடுமனைகளில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். ஆங்கிலத்தில் 'லைன்' எனப்பட்ட அம்மனை தமிழில் 'லயன்' ஆகி, பின் 'லயம்' ஆயிற்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் இவ்வாறே.

இத்திரிபு தமிழின் ஒலியியல்பை நன்கு புலப்படுத்துவதாகலின் சற்று விரித்துரைக்கத்தக்கது. ஐகாரம் அகரமும் யகரமெய்யும் சேர்ந்த ஓசைக்கு ஒக்கும் என்பது தொல்காப்பியர் மொழிமரபில் கூறும் கருத்து. அவ்வாறு 'லைன்' என்பது 'லய்ன்' என நின்றவிடத்து, யகரமும் னகரமும் மொழியிறுதியில் உடனிற்றல் தமிழ்க்கு இயல்பன்று. ஆகவே இடையே அகரம் புக, 'லயன்' எனத் தமிழ் ஓசை பெற்றது. 'டைம்' என்பது பேச்சில் 'டயம்' ஆவதும் இவ்வாறே. இனி, அஃறிணைப் பெயர்களின் ஈற்று மகரம் சில சொற்களில் னகரத்தோடு உறழும் என்பது நன்னூல் விதி. நிலம் – நிலன், கலம் – கலன் என்பன எடுத்துக்காட்டு. அவ்வுறழ்ச்சி ஈண்டு மறுதலையாக நிகழ்ந்தது; னகரம் மகரமாயிற்று. 'லயன்' என்பது உயர்திணை ஆண்பாற்பெயர் போல ஒலிக்க, 'லயம்' என்பது 'மரம்' என்பதனோடு ஓரினமாகிறது. அதன்பின் வேற்றுமையுருபு ஏற்கும் முறையும் தமிழாகிவிட்டது: லயத்தில், லயத்துக்கு, லயங்கள். அத்துச்சாரியை பெற்ற சொல்லை இனி எவ்வாறு பிறமொழிச் சொல் என்று ஒதுக்குவது? மொழிமுதல் லகரம் ஒன்றே அதன் பிறப்பைக் காட்டும் எச்சமாக நிற்கிறது.

சொல் தனியே வரவில்லை என்பதும் நோக்கத்தக்கது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடம் 'பிரட்டுக் களம்'. படையணிவகுப்பைக் குறித்த 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லே அதன் மூலம். குடியிருப்பும் படைச்சொல், கூடுமிடமும் படைச்சொல். தொழிலாளரை எவ்வகை ஒழுங்கில் அடக்கி வைக்க முதலாளிகள் எண்ணினர் என்பதற்கு இவ்விரு சொற்களும் சான்றாவன. வரலாற்று ஆவணம் ஒன்றும் இவற்றினும் தெளிவாகக் கூற இயலாது. லயத்தின் அறைக்கோ 'காம்பரா' என்று பெயர். அது போர்த்துக்கேய மொழிவழி வந்தது. மேட்டு லயம், பத்துக் காம்பரா லயம் என்றாற்போன்ற பெயர்களே தெருப்பெயராக நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இந்திய – இலங்கை உடன்படிக்கை அவர்களை இரு நாட்டுக்கும் பங்கிட்டது. தாயகம் எது என்பதே வழக்காகிவிட்ட மக்களுக்கு 'எந்த லயம்?' என்னும் வினாவுக்கு மட்டும் ஐயமற்ற விடை இருந்தது. இன்றும் பல குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன.

இதனை இத்துணை விரித்ததற்குக் காரணம் உண்டு. இசையில் தாளத்தோடு சார்ந்ததும், ஒடுங்குதல் என்னும் பொருளதும் ஆகிய வடசொல் 'லயம்' நம் அகராதிகளில் இடம்பெற்ற சொல். இரண்டும் எழுத்தாலும் ஒலியாலும் வேறுபாடின்றி நிற்பன. ஆகவே, பிறப்பறியாது தொகுக்கும் மாணாக்கர் ஒருவர், மக்கள் ஒடுங்கி உறையும் இடமாதலின் லயம் என்று வடமொழிவழிக் காரணம் கற்பித்துவிடக் கூடும். கேட்பதற்கு அழகான காரணமே, ஆனால் உண்மையன்று. மற்றொரு சாரார், ஆங்கிலச் சொல் என்று கண்டவுடன் 'வரிசை வீடு' என மாற்றியமைக்க விழைவர். கொங்குநாட்டில் ஒருவர்க்கு உரிமையாகி வாடகைக்கு விடப்படும் 'லைன் வீடு' என்பதற்கு அம்மொழிபெயர்ப்பு ஒருவாறு பொருந்தும். மலையகத்து லயத்துக்குப் பொருந்தாது. அங்கு வரிசை என்னும் வடிவம் மட்டும் பொருளன்று. தோட்டத்தில் உழைப்பவர்க்கே அம்மனையில் இடம் என்னும் கட்டும், தலைமுறை பலவாகியும் நிலவுரிமை எய்தாமையும் அச்சொல்லின் பொருளில் அடங்கியுள்ளன. பெயரை மாற்றினால் அவ்வரலாறும் உடன் மறையும்.

மின்சாரத்தின் வழி வந்த 'லைன்' தனிக் கடன். காவிரியின் சிவசமுத்திர அருவியிற் பிறந்த மின்னாற்றல், 1902இல் ஏறத்தாழ 92 மைல் நீளமுள்ள கம்பிவழியே கோலார் தங்கவயலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்று அது. ஒரே ஊரில் தொழிலாளி குடியிருந்ததும் லைன், அவன் தலைக்குமேல் சென்றதும் லைன். ஆயினும் இவ்விரண்டையும் யாரும் ஒன்றாகக் கருதியிரார். மின்துறை தன் அலுவல் வழக்கில் 'மின்பாதை' என்னும் சொல்லை நிலைநாட்டியுள்ளது. 'மின்பாதை ஆய்வாளர்' என்பது பதவிப் பெயராகவே உள்ளது. எனினும் பேச்சில் 'லைன்மேன்' அகலவில்லை. தொலைபேசியில் 'லைன் கிடைக்கவில்லை' என்பது பாதையை அன்று, இணைப்பைக் குறிக்கும். பள்ளிச் சுவடியில் இடும் கோடு, கடைமுன் நிற்கும் நிரை, கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் 'பைப் லைன்' என்பன வெளிப்படை. இளைஞர்தம் காதற்குறிப்பு வழக்கில் 'லைன்' படும் பாட்டை அகப்பொருள் ஆராய்வோர்க்கு விட்டுவிடலாம்.

தோற்றொழிலுக்கு வருவோம். நெடுங்காலம் இவ்வட்டாரம் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிட்டு, அரைகுறையாக முடிந்த நிலையிலேயே ஏற்றுமதி செய்துவந்தது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து அத்தகைய ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முடிவுற்ற தோலும், காலணியின் மேற்பகுதியும், பின்னர் முழுக் காலணியும் இங்கேயே செய்யப்படலாயின. பதனிடும் இடத்தில் குழியும் தொட்டியும் இருந்தன, 'லைன்' இல்லை. காலணித் தொழிற்சாலையிலோ தையற்பொறிகள் நிரையாக இடப்பட்டு, ஒருவர் முடித்த உறுப்பு அடுத்தவர்க்குச் செல்லும் முறை வந்தது. இந்நிரைகளில் அமர்ந்து தைப்போர் பெரும்பாலும் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள். அவர்கள் வாயிலாகவே 'லைன்' வட்டாரப் பேச்சில் புதுப்பொருள் பெற்றது. 'லைன் ஓடுகிறது' என்றால் உற்பத்தி நடைபெறுகிறது; 'லைன் நின்றுவிட்டது' என்றால் வேலை தடைப்பட்டது. ஓடுவதும் நிற்பதும் கோட்டுக்கும் வரிசைக்கும் உரிய வினைகள் அல்ல. இங்கு 'லைன்' ஓர் இடமும், அதில் உழைக்கும் மக்கட்குழுவும், அக்குழுவின் இயக்கமும் ஆகி நிற்கிறது. 'லைனாண்ட' என வடதமிழ்நாட்டு இடவுருபும் ஏற்கிறது.

அந்நிரையில் தைக்கப்படும் உறுப்புகளுள் ஒன்று 'லைனிங்'. காலணியின் உட்புறத்தில், காலில் படுமாறு வைக்கப்படும் மெல்லிய தோலோ துணியோ அது. ஆங்கிலத்தில் இச்சொல் 'கோடு' என்னும் பொருளினின்று வந்ததன்று. ஆளிநாரால் நெய்த துணியை ஆடையின் உட்புறத்தில் வைத்துத் தைத்தமையால், உட்புறம் வைத்துத் தைத்தல் என்னும் வினை அந்நாரின் பெயராலேயே உண்டாயிற்று. எனவே கயிற்றின் வழி வந்த 'லைன்', துணியின் வழி வந்த 'லைனிங்' இரண்டும் ஒரு செடியின் மக்கள். மாதனூரிலிருந்து சென்று 'லைனில்' அமர்ந்து 'லைனிங்' தைக்கும் பெண்ணின் கையில், பிரிந்த உறவினர் இருவர் அறியாமலே சந்திக்கின்றனர். சொல்லாராய்ச்சியில் இத்தகைய இன்பங்கள் உண்டு. ஆனால் தமிழகராதி தொகுப்போர் இவ்வின்பத்தில் மயங்கி இரண்டனையும் ஒரு தலைச்சொல்லின்கீழ் வைத்தல் கூடாது. ஆங்கிலத்தில் உறவாயினும் தமிழில் அவை உறவல்ல.

நேர்ச்சொற்கள் எவை நிலைபெற்றன என்று பார்த்தாலும் இதுவே தெளிவாகும். இருப்புப்பாதை, மின்பாதை என்பவற்றில் 'பாதை' வென்றது. தொலைபேசியில் 'இணைப்பு' வென்றது. அண்மையில் 'ஆன்லைன்' என்பதற்கு எழுந்த 'இணையவழி' என்னும் ஆக்கத்தில் 'வழி' வென்றது. நிரைக்கு 'வரிசை' உண்டு. ஆங்கில – தமிழ் அகராதியை விரிக்கும் மாணாக்கர் முதலிற் காணும் 'கோடு' என்பதோ, வரைதலிலும் எல்லையிலும் அன்றி வேறெங்கும் நிலைபெறவில்லை. அகராதியில் முதலிடம் பெற்ற பொருள் வழக்கில் கடையிடம் பெற்றது. 'லைன் ஓடுகிறது' என்பதற்கு 'உற்பத்தி வரிசை' எனும் ஆக்கம் உள்ளதாயினும், தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே அதனைக் கேட்பது அரிது.

ஆகவே வட்டாரச் சொல்லகராதி தொகுப்போர் பின்வருமாறு அமைத்தல் தகும். 'லைன்' என்பதைத் தடம், மின்கம்பி, தொலைபேசி இணைப்பு, தொழில்துறை, ஆலைநிரை என, வந்த வாயிலும் வழங்கும் மக்களும் தோன்றப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அது கொள்ளும் வினையையும் உடன் தரவேண்டும், ஓடுதல், கிடைத்தல், போதல் என்னும் வினைகளே பொருளைப் பிரித்துணர்த்துவனவாகலின். 'லைனிங்' தனித் தலைச்சொல். 'லயம்' என்பதற்கு இரு தலைச்சொற்கள் வேண்டும். முதலது இசைக்கும் ஒடுக்கத்துக்கும் உரிய வடசொல். இரண்டாவது, 'லயன்' என்பதனொடு உறழ்வது, அத்துச்சாரியை பெறுவது, மலையகத்திலும் மலேயாவிலும் தோட்டத் தொழிலாளர் நெடுமனையைக் குறிப்பது, ஆங்கிலத்தினின்று வந்தது.